சூழல் மாறினால் உயிரினங்கள் எப்படி மாறும்? முதல் கள ஆய்வுக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு மலைச்சரிவில் கீழிருந்து மேலே போகப் போக எறும்பு இனங்கள் எப்படி மாறுகின்றன என்று பார்க்கப் போனவன் நான். இரண்டு பருவம் அலைந்து, குப்பி குப்பியாக எறும்புகளைச் சேர்த்துக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. எறும்பு கைநிறைய இருந்தது, சூழல் பற்றிய தகவல் ஒன்றுமே இல்லை. எந்தக் குப்பி எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதி வைத்திருந்தேன். அங்கே மண் எவ்வளவு ஈரம், நிழல் எவ்வளவு, சருகு எத்தனை சென்டிமீட்டர் தடிமன் என்று என் வழிகாட்டி கேட்டபோது பேய்முழி முழித்தேன். மூன்றாவது பருவம் முழுக்க அதே இடங்களுக்குத் திரும்பப் போய் சூழலை அளப்பதற்கே சரியாகப் போனது. அதற்குள் இரண்டு இடங்களில் மரம் விழுந்து வெயில் உள்ளே வந்துவிட்டது, அந்த இரண்டையும் கணக்கிலிருந்தே எடுத்துப் போட வேண்டியதாயிற்று.

சூழல் நிலைமைகள் உயிரினச் சமூகங்களை எப்படி வடிவமைக்கின்றன என்பதை முதல்முறை களத்தில் தானே பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காடோ புல்வெளியோ ஓடையோ கடற்கரைப் பாறையோ, வேலையின் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். கோட்பாட்டைத் தேவையான அளவு தொட்டுவிட்டு, காகிதம், பணம், நாள்கணக்கு இவற்றில்தான் அதிகம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் நான் அடிபட்டது அங்கேதான்.

1. காலி அட்டவணை இரண்டு போடுங்கள்

எதற்கும் முன்னால், ஒரு தாளை எடுத்து இரண்டு அட்டவணை வரையுங்கள். முதல் அட்டவணையில் வரிசைகள் எல்லாம் இடங்கள், நெடுவரிசைகள் எல்லாம் இனங்கள், உள்ளே எத்தனை பார்த்தீர்கள் என்ற எண்ணிக்கை. இரண்டாவது அட்டவணையில் அதே இடங்கள் அதே வரிசையில், நெடுவரிசைகளில் வெப்பம், ஈரம், பிஎச், நிழல், உவர்ப்பு என்று சூழல் அளவுகள். இந்தத் துறையில் நடக்கும் பெரும்பாலான பகுப்பாய்வு இந்த இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்து, ஒன்றின் மாற்றம் மற்றதன் மாற்றத்தோடு ஒத்துப் போகிறதா என்று பார்ப்பதுதான்.

அட்டவணையை வரைந்த பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் விரலை வைத்து, "இது எந்தக் கருவியால், யாரால், எந்த நாளில் நிரம்பும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லாத நெடுவரிசையை இப்போதே அடித்துவிடலாம். நான் இதைச் செய்யவில்லை. அரை மணி நேர வேலைதான், அதைச் செய்யாததற்கு ஒரு பருவம் கொடுத்தேன்.

2. கேள்வியைச் சுருக்குங்கள், உயரத்தைக் காரணமாக எழுதாதீர்கள்

"மலையில் பல்லுயிர் வளம் எப்படி இருக்கிறது" என்பது கேள்வியே இல்லை. "சருகு ஆழம் அதிகமாக இருக்கும் இடத்தில் எறும்பு இனங்கள் அதிகமா?" என்பது கேள்வி. முதலாவதற்கு எவ்வளவு அளந்தாலும் போதாது, இரண்டாவதற்கு எங்கே நிறுத்தலாம் என்று தெரியும்.

புதியவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று இங்கே இருக்கிறது. உயரம், அட்சரேகை, கடலிலிருந்து தூரம், நீரின் ஆழம், இவை எதுவும் நேரடிக் காரணிகள் இல்லை. தான் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறோம் என்று எறும்புக்குத் தெரியாது. 1000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும், அதோடு மேகம், மண் ஆழம், காற்று, கிடைக்கும் நிலத்தின் பரப்பு, மனிதர் நடமாட்டம் எல்லாம் சேர்ந்தே மாறும். இவற்றில் எது வேலை செய்கிறது என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் உயரத்தோடு ஒட்டாமல் தனியாக மாறும் ஏதாவது ஒன்றைப் பிடிக்க வேண்டும். ஒரே உயரத்தில் வெயில் படும் சரிவையும் நிழல் சரிவையும் ஒப்பிடுவது ஒரு எளிய வழி.

ஒரு இடத்தில் ஒரு இனம் இல்லாமல் போவதற்கு மூன்று விதக் காரணம் உண்டு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அதால் தாங்க முடியாமல் இருக்கலாம், வேறு உயிரினம் அதை விரட்டியிருக்கலாம் அல்லது தின்றிருக்கலாம், அல்லது அது அங்கே இன்னும் வந்தே சேராமல் இருக்கலாம். கடற்கரைப் பாறைகளில் முதலிரண்டும் ஒரே மீட்டருக்குள் தெரியும். ஒட்டுமட்டி போன்ற உயிரினங்களின் மேல் எல்லையைப் பெரும்பாலும் வெயிலும் உலர்வும் நிர்ணயிக்கும், கீழ் எல்லையைப் போட்டியும் இரைகொல்லிகளும் நிர்ணயிக்கும். சூழலை மட்டும் அளந்துவிட்டு எல்லாவற்றுக்கும் சூழலே காரணம் என்று எழுதினால், மதிப்பாய்வாளர் கேட்கும் முதல் கேள்வி இதைப் பற்றித்தான் இருக்கும்.

தொடர்பு எப்போதும் நேர்கோடாக இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். நன்னீரிலிருந்து கடல்நீர் வரை போனால் இனங்களின் எண்ணிக்கை சீராக ஏறாது, இறங்காது. பால்டிக் கடலில் ஆயிரத்துக்கு 5 முதல் 8 என்ற உவர்ப்புப் பகுதியில்தான் கடலடி விலங்கினங்கள் மிகக் குறைவு, நன்னீர் இனத்துக்கும் அது பிடிக்காது, கடல் இனத்துக்கும் பிடிக்காது. வளமான மண்ணில் செடி வகைகள் அதிகம் இருக்கும் என்று நினைப்போம். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெடில் 1856 முதல் நடந்து வரும் பார்க் கிராஸ் பரிசோதனையில் நைட்ரஜன் உரம் அதிகம் போட்ட புல்வெளிப் பகுதிகளில் இனங்கள் குறைந்துதான் போயின, உயரமாக வளரும் ஓரிரு புற்கள் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டன, அங்கே மண் அமிலமாக மாறியதும் சேர்ந்துகொண்டது. ஆகவே இரண்டு முனைகளில் மட்டும் அளந்துவிட்டுக் கோடு இழுக்காதீர்கள், நடுவிலும் இடங்கள் வேண்டும்.

3. உயிரினக் குழுவைத் தேர்ந்தெடுங்கள்

ஆசையை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தக் குழுவுக்கு உங்கள் பகுதியில் பயன்படும் அடையாளத் திறவுகோல் (இனத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிக்க உதவும் கையேடு) இருக்கிறதா, சந்தேகம் வந்தால் பார்த்துச் சொல்ல ஒருவர் இருக்கிறாரா, இந்த இரண்டும்தான் முக்கியம். அந்த ஒருவருக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள். பிடித்து முடித்துவிட்டு ஐநூறு பூச்சிகளோடு போய் வாசலில் நின்றால் யாரும் சந்தோஷப்பட மாட்டார்கள்.

செடிகள் ஓடாது, ஆனால் பூக்காத நேரத்தில் பல புற்களைப் பிரித்துச் சொல்ல முடியாது. பறவைகளுக்கு ஆய்வகச் செலவு கிடையாது, பதிலுக்குக் காது பழக வேண்டும், அதற்கு ஒரு வருடமாவது ஆகும். ஓடையின் அடிமட்டப் பூச்சிகள் நீரின் தரத்தை நன்றாகக் காட்டும், இளம்பருவப் புழுக்களை இனம் வரை பிரிப்பது பல நேரம் நடக்காத காரியம். எறும்பும் வண்டும் எங்கும் கிடைக்கும், நுண்நோக்கி முன்னால் முதுகு ஒடியும்.

4. காகித வேலைகள்

களத்துக்குப் போகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, குறைந்தது ஆறு மாதம் முன்னால் இதைத் தொடங்குங்கள். எனக்கு ஒரு அனுமதி ஐந்து மாதம் கழித்து வந்தது, வந்தபோது நான் பிடிக்க நினைத்த பருவத்தில் மூன்று வாரம் போயிருந்தது. அதைவிடக் கொடுமை, வந்த காகிதத்தில் "பார்வையிடலாம்" என்று இருந்தது, "சேகரிக்கலாம்" என்று இல்லை. நான் விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதியிருந்தேன், யாரையும் குறை சொல்ல முடியவில்லை. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் கேட்கப்படும் காகிதங்களின் வகை பெரும்பாலும் இவைதான்:

நுழைவு அனுமதி. நிலம் யாருடையதோ அவரிடம். தனியார் நிலமானால் ஒரு கையெழுத்து போதும், ஆனால் எழுத்தில் வாங்குங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதியானால் வருபவர்கள் எல்லோருடைய பெயரும் வேண்டும், உதவிக்கு வரும் நண்பர், வண்டி ஓட்டுபவர் உட்பட.

சேகரிப்பு அனுமதி. இது நுழைவு அனுமதியிலிருந்து வேறு. எந்தக் குழு, எத்தனை, எந்த முறையில், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று குறிப்பிட வேண்டும். மண் மாதிரியும் நீர் மாதிரியும் எடுப்பதாக இருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள். எல்லோரும் பூச்சியை எழுதிவிட்டு மண்ணை மறந்துவிடுவார்கள்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். முதுகெலும்புள்ள விலங்குகளைப் பிடிப்பதானால் பெரும்பாலும் கட்டாயம். மீனும் தவளையும் இதில் வரும் என்பது பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிகிறது. குழு மாதத்துக்கு ஒருமுறையோ இன்னும் அரிதாகவோ கூடும், ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும்.

எல்லை தாண்டும் காகிதங்கள். அடையாளம் காணவோ மரபணு வாசிப்புக்கோ மாதிரியை வேறு நாட்டுக்கு அனுப்பும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் இப்போதே விசாரியுங்கள். 2014 முதல் நடைமுறையில் இருக்கும் நகோயா நெறிமுறை என்ற சர்வதேச ஒப்பந்தத்தின்படி மரபணு வளத்தை எடுப்பதற்கு, அது கிடைக்கும் நாட்டின் முன் சம்மதம் தேவைப்படலாம், பின்தேதியிட்டு வாங்க முடியாது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிரினமானால் தனி அனுமதி. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், கல் பவளங்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, கரையில் கிடந்த செத்த பவளத் துண்டானாலும் சரி.

வைப்பு ஒப்புதல் கடிதம். சான்று மாதிரிகளை, அதாவது அடையாளத்தைப் பின்னால் சரிபார்க்க வைத்துக்கொள்ளும் மாதிரிகளை, கடைசியில் எந்த அருங்காட்சியகமோ உலர்தாவரக் காப்பகமோ ஏற்றுக்கொள்ளும் என்ற கடிதம். சில இடங்களில் சேகரிப்பு அனுமதிக்கே இதைக் கேட்பார்கள், ஆகவே இதை முதலில் வாங்கிவிடுங்கள்.

எல்லாக் காகிதத்திலும் தேதிகள் ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள். திட்டமிட்ட நாளுக்கு இரண்டு வாரம் முன்னும் ஒரு மாதம் பின்னும் சேர்த்துக் கேளுங்கள். மழை உங்கள் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுப் பெய்வதில்லை. அசல் வீட்டில், நகல் பையில், படம் கைபேசியில்.

5. இடங்களைத் தேர்வு செய்வது

ஒரு மேட்டில் 30 கட்டம் (அளப்பதற்காகக் குறித்துக்கொள்ளும் சிறு நிலத்துண்டு) போட்டால் உங்களிடம் 30 மாதிரி இருப்பதாகத் தோன்றும். உண்மையில் மேடு ஒன்றுதான். எரிந்த காடு ஒன்றையும் எரியாத காடு ஒன்றையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் 15 கட்டம் போட்டு, தீயின் விளைவு இது என்று சொன்னால், நீங்கள் ஒப்பிட்டது இரண்டு காடுகளைத்தான், தீயை இல்லை. இதற்கு போலி மறுபதிவு என்று பெயர், 1984இல் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் இதைப் பற்றி எழுதிய பிறகும் இன்றுவரை ஆய்வேடுகளில் வந்துகொண்டே இருக்கிறது. கட்டங்களைக் குறைத்து, தனித்தனி இடங்களை அதிகமாக்குங்கள். அலைச்சல் கூடும், வேறு வழியில்லை.

அடுத்தது ஒட்டி வரும் காரணிகள். என் முதல் வரைபடத்தில் தாழ்வான இடங்கள் எல்லாம் சாலையோரம், உயரமான இடங்கள் எல்லாம் உள்காட்டில் இருந்தன, ஏனென்றால் கீழே வண்டி போகும் இடத்தில் நான் சோம்பேறியாகிவிட்டேன். அப்புறம் எறும்பு மாறியது வெப்பத்தாலா சாலையாலா என்று எப்படிச் சொல்வது? முதலில் வரைபடத்தில் உயரப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்குள்ளும் கணினியை விட்டுப் புள்ளிகளைக் குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். பிறகு நேரில் போய், ஏற முடியாத பாறை, குளத்தின் நடு என்று விழுந்த புள்ளிகளை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதியும் வையுங்கள். நேரில் போய் "இந்த இடம் நன்றாக இருக்கிறதே" என்று தேர்ந்தெடுத்தால் கண் எப்போதும் பச்சையான இடத்துக்கே போகும்.

ஜிபிஎஸ் எண்களைத் தசம டிகிரியில் எழுதுங்கள், கருவி எந்த ஆள்கூற்று அடிப்படையில் (டேட்டம்) காட்டுகிறது என்பதையும், பெரும்பாலும் டபிள்யூஜிஎஸ் 84ஆக இருக்கும், ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். அடர்ந்த மரங்களுக்குக் கீழே பிழை பல மீட்டர் வரும், திரும்பி வர வேண்டிய இடமானால் ஒரு குச்சியோ உலோகத் தகடோ நட்டுவிடுவது நல்லது.

6. சூழலை அளப்பது

இங்கேதான் நேரம் செலவழியுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் விதி, உயிரினம் வாழும் அளவிலேயே அளக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வேர்ல்ட்கிளிம் என்ற உலகத் தட்பவெப்ப வரைபடத்தின் நுணுக்கமான பதிப்பில் ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், அதிலுள்ள மதிப்பு 1970 முதல் 2000 வரையான சராசரி. ஒரு கண்டம் முழுக்க மரங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்க்க அது போதும். சருகுக்கு அடியில் வாழும் பூச்சிக்கு அது போதாது, என் கட்டங்கள் ஆறு ஒரே புள்ளிக்குள் விழுந்தன, ஆறுக்கும் ஒரே வெப்பநிலை. ஒரே எண்ணை ஆறு முறை எழுதிவிட்டு வேறுபாட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வெப்பத்துக்கு டேட்டா லாகர் (அளவுகளைத் தானாகவே பதிந்து வைக்கும் சிறு கருவி) வைப்பதானால் வெயில் நேரடியாகப் படாமல் மறைப்பு போடுங்கள். மறைப்பு இல்லாவிட்டால் அது காற்றின் வெப்பத்தை அளக்காது, தான் சூடானதை அளக்கும். எல்லா லாகர்களையும் புறப்படும் முன் ஒரே அறையில் ஒரு இரவு பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள், அவற்றுக்குள்ளேயே எவ்வளவு வேறுபடுகின்றன என்று தெரிந்துவிடும். சராசரியை மட்டும் எழுதாமல் அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் எடுத்து வையுங்கள். பல உயிரினங்களை விரட்டுவது சராசரி வெப்பமில்லை, அந்த ஒரு மோசமான மதியம்தான்.

மண்ணின் பிஎச்சைத் தண்ணீரில் கலந்தும் அளக்கலாம், கால்சியம் குளோரைடு கரைசலில் கலந்தும் அளக்கலாம். இரண்டாவது முறையில் பொதுவாக அரை முதல் ஒரு புள்ளி வரை குறைவாக வரும். பிஎச்சில் ஒரு புள்ளி என்றால் பத்து மடங்கு வேறுபாடு. பாதி மாதிரியை ஒரு ஆய்வகத்திலும் மீதியை இன்னொன்றிலும் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில், ஒரே முறையில், முடிந்தால் ஒரே வாரத்தில்.

நீர்நிலையில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. கரைந்த ஆக்சிஜன் ஒரே நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். பகலில் பாசிகளும் நீர்ச்செடிகளும் ஒளிச்சேர்க்கை செய்வதால் பிற்பகலில் உச்சத்தைத் தொடும், இரவு முழுக்க எல்லாம் சுவாசித்துத் தீர்ப்பதால் விடியலுக்குச் சற்று முன் அடிமட்டத்துக்கு வரும். என் நண்பர் ஒருவர் காலை ஏழு மணிக்கு முதல் குளத்தில் தொடங்கி மாலை நான்கு மணிக்குக் கடைசிக் குளத்தை முடித்தார், தினமும் அதே வரிசையில். கடைசியில் ஆக்சிஜன் அதிகமுள்ள குளங்கள் என்று அவர் கண்டுபிடித்தது எல்லாம் மதியம் போன குளங்கள். வெப்பத்தையும் சேர்த்தே எழுதுங்கள், ஏனென்றால் சூடான நீர் ஆக்சிஜனைக் குறைவாகத்தான் பிடித்து வைக்கும், கடல்மட்டத்தில் நன்னீரில் 0 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 14.6 மில்லிகிராம், 20 டிகிரியில் 9.1, 30 டிகிரியில் 7.5 அளவு.

நிழல், சருகு ஆழம், வெறும் மண்ணின் விகிதம், மரங்களின் பருமன், இவையெல்லாம் அளவுகோலும் கைபேசியும் இருந்தால் போதும். மரத்தின் பருமனைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எடுப்பது வழக்கம், அதை மாற்றாதீர்கள், மற்றவர்களின் தரவோடு ஒப்பிட முடியாமல் போகும். தொந்தரவின் தடயங்களையும் குறியுங்கள்: வெட்டிய அடிமரம், கரிந்த பட்டை, மேய்ச்சல், வெள்ளம் விட்டுப்போன குப்பை. இவை பல நேரம் வெப்பத்தையும் ஈரத்தையும் விடப் பெரிய விளக்கமாக வந்து நிற்கும்.

7. உயிரினங்களைப் பதிவு செய்வது

எல்லா இடத்திலும் ஒரே முயற்சி. ஒரே எண்ணிக்கையில் பொறிகள், ஒரே எண்ணிக்கையில் நாட்கள், பறவையானால் ஒரே நிமிடக் கணக்கு, ஒரே நேரம். கீழே ஐந்து நாளும் மேலே குளிர் தாங்காமல் மூன்று நாளும் வைத்தால் மேலே இனம் குறைவாகத்தான் இருக்கும்.

பொறியே சூழலுக்கு ஆட்படும் என்பதை நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டேன். மண்ணில் புதைக்கும் குழிப்பொறி, அங்கே எத்தனை பூச்சி இருக்கிறது என்று எண்ணுவதில்லை, எத்தனை பூச்சி நடந்து வந்து விழுந்தது என்று எண்ணுகிறது. குளிர்ந்த நாளில் பூச்சி குறைவாக நடக்கும். அடர்ந்த புல்லில் நடக்கவே கஷ்டம். ஆக, குளிரான இடத்தில் குறைவாக விழுந்ததை வைத்துக் குளிரான இடத்தில் குறைவாக வாழ்கின்றன என்று எழுதிவிட முடியாது. இன்னொரு முறையையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள், சருகைச் சலித்துப் பார்ப்பது போல. எறும்பானால் ஒரு பொறியில் 200 விழுந்தது என்பது பக்கத்தில் புற்று இருக்கிறது என்பதைத்தான் சொல்லும், ஆகவே தலைகளை எண்ணாமல் எத்தனை பொறிகளில் அந்த இனம் இருந்தது என்று எண்ணுங்கள்.

லேபிளை பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். சாதாரணப் பேனா மை எத்தனாலில் கரைந்து போகும், வெளியே ஒட்டியது உரிந்து போகும். உருவத்தைப் பார்க்க மட்டும் என்றால் 70 சதவீத எத்தனால் போதும், மரபணு எடுக்கும் எண்ணம் இருந்தால் 95க்கு மேல் வேண்டும். விமானத்தில் அதை எடுத்துப் போவதற்குத் தனி விதிகள் உண்டு, பெட்டியில் திணித்துக்கொண்டு போகாதீர்கள்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் பூஜ்யம். தேடவே இல்லை, அல்லது பொறியைப் பன்றி தோண்டிப் போட்டுவிட்டது என்றால் காலியிடம். இரண்டையும் ஒன்றாக எழுதாதீர்கள்.

8. அடையாளம் காண்பது

களத்தில் ஒரு நாள் வேலைக்கு மேசையில் எனக்கு நான்கு நாள் ஆனது. புதியவருக்கு இன்னும் கூடலாம். பெயர் தெரியாதவற்றை "இனம் அ", "இனம் ஆ" என்று தற்காலிகமாகப் பிரித்து வைப்பதில் தவறில்லை, ஆனால் எல்லா இடத்து மாதிரிகளையும் ஒரே ஆள் பிரிக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு சான்று மாதிரியைப் படத்தோடு தனியே வைக்க வேண்டும். இரண்டு பேர் பிரித்தால் ஒருவரின் "ஆ" இன்னொருவரின் "ஈ" ஆகிவிடும். தாழ்வான இடங்களை முதலில், உயரமானவற்றைக் கடைசியில் என்றும் பார்க்காதீர்கள், கலைத்துப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் போகப் போக உங்கள் கண் கூர்மையாகும், அந்தக் கூர்மை உயரத்தின் விளைவு போலத் தெரியும்.

9. கணக்கு

இதற்குத் தனியாகவே படிக்க வேண்டும், நான் குழிகளை மட்டும் காட்டுகிறேன். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளும் அதில் சேர்க்கக்கூடிய வீகன் தொகுப்பும் இலவசம், தொடக்கத்துக்கு அதுவே போதும்.

எத்தனை இனம் என்று எண்ணி ஒப்பிடும் முன், எத்தனை உயிரிகளைப் பார்த்தீர்கள் என்பதைச் சமப்படுத்துங்கள், ரேர்ஃபேக்ஷன் என்பது அதற்குத்தான். 50 பூச்சியில் 10 இனம், 500 பூச்சியில் 20 இனம் என்றால் எது வளமானது என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. பல்லுயிர் வளத்தை அளக்கும் ஷானன் குறியீட்டை அப்படியே போடாமல் ஹில் எண்களாக மாற்றிப் போட்டால் "இத்தனை இனங்களுக்குச் சமம்" என்று படிக்க முடியும்.

அதைவிட முக்கியமாக, எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். அடிவாரத்தில் 20 இனம், உச்சியில் 20 இனம், ஒன்றுகூடப் பொதுவாக இல்லை என்று வந்தால் எண்ணிக்கை "மாற்றமில்லை" என்று சொல்லும். சூழலின் கைவரிசை பல நேரம் எத்தனை என்பதில் தெரியாது, யார் யார் என்பதில்தான் தெரியும். இடங்களுக்கு இடையே வேறுபாட்டை அளக்க பிரே கர்ட்டிஸ் போன்ற அளவைப் பயன்படுத்துங்கள். பள்ளிக்கூடக் கணக்கில் வரும் சாதாரணத் தூரம் இங்கே ஏமாற்றும், இரண்டு இடத்திலும் இல்லாத இனத்தை ஒற்றுமையாக எண்ணிவிடும். என்எம்டிஎஸ் படம் (ஒத்த இடங்களை அருகருகே புள்ளிகளாகக் காட்டும் படம்) வரைந்தால் அதன் ஸ்ட்ரெஸ் எண்ணையும், அதாவது படம் உண்மையான வேறுபாடுகளிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதையும், கூடவே எழுதுங்கள், 0.2க்கு மேல் போனால் அந்தப் படத்தை நம்பி எதுவும் சொல்லாதீர்கள். குழுக்களின் இனக் கலவை வேறுபடுகிறதா என்று பார்க்கும் பெர்மனோவா சோதனை வேறுபாடு உண்டு என்று சொன்னால், அது கலவையே உண்மையில் மாறியதா, அல்லது ஒரு குழு வெறுமனே அதிகம் சிதறியிருப்பதா என்று தனியே சோதியுங்கள்.

சூழல் அட்டவணையில் ஒன்றோடொன்று ஒட்டி வரும் நெடுவரிசைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 20 இடமும் 15 காரணியும் வைத்துக்கொண்டு புள்ளியியல் மாடல் பொருத்தினால் எதுவும் பொருந்தும். பக்கத்துப் பக்கத்து இடங்கள் இயல்பாகவே ஒரே மாதிரி இருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அருகாமையின் விளைவைச் சூழலின் விளைவாக எழுதிவிடுவோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இனப் பெயர்களை அகர வரிசையில் அடுக்கிப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி கூடுதலாக விழுந்ததால் என் அட்டவணையில் நான்கு இனங்கள் இரட்டைப் பிறவி எடுத்திருந்தன. பல்லுயிர் வளம் கூடிவிட்டது என்று ஒரு வாரம் மகிழ்ச்சியாக இருந்தேன்.

10. பணமும் நாட்களும்

தொகை இடத்துக்கு இடம் மாறும், ஆனால் பணம் எங்கே கரையும் என்பது பெரிதாக மாறாது. புதியவர்கள் கருவிக்கு நிறைய ஒதுக்குவார்கள். உண்மையில் முதலில் தின்பது பயணம், அடுத்து உதவிக்கு வருபவரின் சம்பளம், அடுத்து ஆய்வகத்தில் மண், நீர், மரபணுப் பரிசோதனை, அது மாதிரி ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், ஆகவே கட்டங்களின் எண்ணிக்கையை முடிவு செய்யும்போதே பெருக்கிப் பாருங்கள். லாகர் போன்றவற்றை இரவல் கேட்கலாம், துறைகளில் பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும். தொலைந்து போவதற்கென்று பத்தில் இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். குரங்கு எடுக்காவிட்டால் வெள்ளம் எடுக்கும். மறந்து போகும் செலவுகள்: அனுமதிக் கட்டணம், காப்பீடு, எத்தனால், மாதிரிகளை வைக்கும் பெட்டிகள், ஒரு இடத்துக்கு இரண்டாம் முறை போக வேண்டி வருவது.

நாள்கணக்கு, ஒரு ஆளுக்கு, சுமார் 20 இடங்களுக்கு, என் அனுபவத்தில்: காகிதங்கள் ஆறு மாதம், அதே ஆறு மாதத்துக்குள் திறவுகோலில் பழகுவதும் இரண்டு மூன்று இடங்களில் ஒத்திகையும். களவேலை ஆறு முதல் எட்டு வாரம், எல்லா இடங்களையும் ஒரே பருவத்துக்குள் முடித்துவிட வேண்டும், கீழே மழைக்கு முன், மேலே மழைக்குப் பின் என்று பிரிந்துவிட்டால் எல்லாம் வீண். அடையாளம் காண்பது ஐந்து மாதம். கணக்குக்கு இரண்டு மாதம் என்று நினைத்தேன், நான்கு ஆனது. ஒத்திகையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், இரண்டு இடத்தில் முழு வேலையையும் ஒருமுறை செய்து அந்த இரண்டு வரிசைகளையும் அட்டவணையில் நிரப்பிப் பார்த்திருந்தால் என் மூன்றாவது பருவம் தேவைப்பட்டிருக்காது.

11. முடிந்த பிறகு

அனுமதி தந்தவர்களுக்கு அறிக்கை அனுப்புவது பெரும்பாலும் அனுமதியின் நிபந்தனையாகவே இருக்கும், தேதியைக் குறித்து வையுங்கள், தவறினால் அடுத்த அனுமதி கிடைப்பது சிரமம். நிலத்துக்காரருக்கு அவர் நிலத்தில் என்னென்ன இருந்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். சான்று மாதிரிகளை முன்பே சொன்ன காப்பகத்தில் ஒப்படைத்து, அவர்கள் தரும் எண்களை உங்கள் அட்டவணையில் ஒரு நெடுவரிசையாகச் சேருங்கள். பதிவுகளை, உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திறந்த தரவாகத் தரும் ஜிபிஐஎஃப் தளத்தில் போடலாம், டார்வின் கோர் என்ற பொது வடிவத்தில் நெடுவரிசைப் பெயர்களை மாற்ற வேண்டும், ஒரு நாள் வேலை. வேட்டைக்கோ கடத்தலுக்கோ ஆளாகக் கூடிய இனம் ஏதாவது இருந்தால், அதன் இருப்பிட எண்களைச் சுருக்கித் துல்லியத்தைக் குறைத்துவிட்டுப் பதிவேற்றுங்கள், எவ்வளவு குறைத்தீர்கள் என்பதையும் அதற்கான நெடுவரிசையில் எழுதுங்கள்.